யான்கியெல் வாசித்த வரலாறு: கவிதை வழியே போலந்து



ஒரு நாட்டின் வரலாற்றை அதன் கவிதை வழியே அறிய முடியுமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். நான் போலந்தை எடுத்துக்கொள்கிறேன். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகள் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் அந்த நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டன. அதன்பின் 1918 நவம்பர் வரை, 123 ஆண்டுகள், ஐரோப்பிய வரைபடத்தில் போலந்து என்றொரு சுதந்திர நாடு கிடையாது. அரசு இல்லாத அந்தக் காலத்தில்தான் அதன் மிகப் பெரிய கவிதைகள் எழுதப்பட்டன.

நாடு அழிந்தபோது கவிதை அதைக் காப்பாற்றியது என்ற புகழுரையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நான் அங்கே நிற்கப் போவதில்லை. கவிதை யாரைக் காத்தது? யாரை விட்டுவிட்டது? விடுபட்டவர்கள் அதே மொழியில் என்ன எழுதிவைத்தார்கள்? இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கவிதை வரலாற்றுக்குச் சான்றாகிறது என்பது என் கருத்து. புறநானூற்றை வைத்து வேந்தர் வரலாறு எழுதிப் பழகியவர்கள் நாம். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், பரிசில் கொடுத்தவர் யார் என்று கேட்ட பிறகே நம் அறிஞர்கள் ஒரு பாட்டைச் சான்றாக ஏற்றார்கள். அந்தக் கேள்விகளைப் போலந்துக் கவிதையிடமும் கேட்போம்.

முதலில் ஒரு படைப்பாட்டு. 1797-இல் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் யூசெஃப் விபிட்ஸ்கி எழுதியது. நாடு போய் இரண்டே ஆண்டுகள். நெப்போலியனோடு சேர்ந்து போரிட்டால் நாடு திரும்பக் கிடைக்கும் என்று நம்பிய போலந்து வீரர்கள் தளபதி டொம்ப்ரோவ்ஸ்கியின் கீழ் அங்கே திரண்டிருந்தார்கள். அவர்களுக்காக எழுதிய பாட்டு அது. 1927-இல் அதுவே நாட்டுப்பண் ஆனது. போலந்தின் நாட்டுப்பண்ணில் இத்தாலி வருகிறது. இத்தாலியின் நாட்டுப்பண்ணில் போலந்து வருகிறது. உலகில் இப்படி இன்னொரு இணை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாட்டில் வராத செய்தி ஒன்றும் உண்டு. விடுதலைக்காகத் திரண்ட அந்த வீரர்களில் ஆயிரக்கணக்கானோரை 1802-இலும் அடுத்த ஆண்டிலும் நெப்போலியன் ஹைட்டி தீவுக்கு அனுப்பினான். அங்கே அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு எழுந்த கறுப்பின மக்களை அடக்குவது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டார்கள். சிலர் எதிரணிக்கே மாறி, அந்த மண்ணிலேயே குடியேறினார்கள்.

இனி ஆதாம் மிக்கியேவிச்சிடம் வருவோம். 1798-இல் இன்றைய பெலாரூஸில் பிறந்தவர். இன்றைய லித்துவேனியாவின் தலைநகரான வில்னியுஸில் படித்தார். மாணவர் இரகசிய சங்கத்தில் இருந்ததற்காக 1823-இல் கைதாகி, மறு ஆண்டு ரஷ்யாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பிறகு மேற்கு ஐரோப்பாவுக்குப் போய், பாரிசில் வாழ்ந்தார். போலந்தின் தேசியக் கவி என்று போற்றப்படும் இவர் வார்சா நகரைக் கண்ணால் கண்டதே இல்லை. அவருடைய பேரிலக்கியமான பான் ததேயுஷ் 1834-இல் பாரிசில் வெளிவந்தது. பன்னிரண்டு காண்டங்கள் கொண்ட அந்தக் காவியம் லித்துவேனியாவை விளித்தே தொடங்குகிறது.

கதை 1811, 1812 ஆண்டுகளில் ஒரு நாட்டுப்புறப் பண்ணை வீட்டில் நடக்கிறது. காளான் பொறுக்குவது, கரடி வேட்டை, காப்பி காய்ச்சும் முறை, இரு குடும்பங்களின் பழைய வழக்கு என்று அதில் வராத வீட்டுச் சங்கதியே இல்லை. பெரிய வரலாறு வாசலுக்கு வெளியே நிற்கிறது. கடைசிக் காண்டத்தில்தான் அது வீட்டுக்குள் வருகிறது. நிச்சயதார்த்த விருந்து, டொம்ப்ரோவ்ஸ்கியே விருந்தினராக வந்திருக்கிறார். மணப்பெண் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, யான்கியெல் என்ற யூத முதியவர் வாசிக்க அமர்கிறார். ஊரில் சாராய விடுதி நடத்துபவர். அவர் கையில் இருப்பது சந்தூரைப் போல இரு சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் நரம்புக் கருவி.

அந்த வாசிப்பில் அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தொடக்கத்தில் 1791 மே 3-ஆம் நாள் அரசியல் சாசனத்தின் கொண்டாட்ட நடனம் ஒலிக்கிறது. கேட்பவர்களுக்குக் கால் நிற்கவில்லை. நடுவில் திடீரென்று ஒரு நரம்பு அபசுரமாக ஒலிக்கிறது; இன்பமான இசையை அது கெடுத்துக்கொண்டே இருக்கிறது. வாசிப்பவர் பிசகிவிட்டாரோ என்று கூட்டம் குழம்புகிறது. ஒரு முதியவருக்கு மட்டும் புரிகிறது. 1792-இல் சொந்த நாட்டுப் பிரபுக்களே ரஷ்யப் பேரரசியோடு சேர்ந்து சாசனத்தைக் கவிழ்த்த தார்கோவித்சா துரோகம்தான் அந்த அபசுரம். அடுத்து வருவது 1794 நவம்பரில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படை வார்சாவின் பிராகா பகுதியில் நடத்திய படுகொலை. கேட்கும் பெண்கள் நடுங்குகிறார்கள். பிறகு நாடிழந்து அலையும் வீரனின் துயரப் பாட்டு. கடைசியில், ரெஜ்ஜோ எமிலியாவில் பிறந்த அந்தப் படைப்பாட்டு. கிழவர் தளபதியைப் பார்த்து விம்மி அழுகிறார்.

இருபது ஆண்டு வரலாற்றை ஒரு சொல்லும் இல்லாமல் வாசித்துக் காட்டிய இந்த இடம் ஐரோப்பியக் கவிதையின் சிகரங்களில் ஒன்று என்பேன். மிக்கியேவிச் அந்த வரலாற்றை ஒரு பிரபுவின் வாயில் வைக்கவில்லை, பாதிரியாரின் வாயில் வைக்கவில்லை; ஒரு யூதரின் விரல்களில் வைத்தார். அதை அவர் அலங்காரத்துக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1855-இல் கிரிமியப் போரின்போது அவர் இஸ்தான்புல்லுக்குப் போனார். ரஷ்யாவுக்கு எதிரான போலந்துப் படைக்குத் துணையாக யூத வீரர்களைக் கொண்ட ஒரு பிரிவையும் அமைக்க அங்கே முயன்றுகொண்டிருந்தபோதுதான், நவம்பர் 26-இல் இறந்தார்.

ஆனால் பான் ததேயுஷ் நின்றுவிடும் இடத்தைக் கவனியுங்கள். 1812 வசந்தம்; நெப்போலியன் மாஸ்கோ நோக்கிப் புறப்படுகிறான்; எல்லோருக்கும் நம்பிக்கை. நூல் வெளிவந்தபோது அதைப் படித்த ஒவ்வொருவருக்கும் அதன் பின் நடந்தது தெரியும். அந்தப் படை பனியில் அழிந்தது தெரியும். 1830 நவம்பரில் தொடங்கிய எழுச்சி அடுத்த ஆண்டில் நசுக்கப்பட்டது தெரியும். அந்தத் தோல்வியால்தான் அவர்கள் பாரிசில் அகதிகளாக இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே காண்டத்தில் மணமக்கள் தங்கள் பண்ணையடிமைகளுக்கு விடுதலை கொடுக்கிறார்கள். பிரபு மனமுவந்து கொடுக்கிறான், குடியானவன் நன்றியோடு வாங்குகிறான். நடந்ததோ வேறு. 1846-இல் ஆஸ்திரியப் பகுதியான கலீசியாவில் யாக்குப் ஷேலா என்பவரின் தலைமையில் குடியானவர்கள் நூற்றுக்கணக்கான பண்ணை வீடுகளைக் கொள்ளையிட்டு, பிரபுக்களை வெட்டிக் கொன்றார்கள். அங்கே 1848-இல் ஆஸ்திரிய அரசு பண்ணையடிமை முறையை ஒழித்தது. ரஷ்யப் பகுதியில் நிலத்தைக் குடியானவனுக்குச் சொந்தமாக்கிய ஆணை 1864-இல் ஜார் மன்னனிடமிருந்து வந்தது. குடியானவனுக்கு அதைக் கொடுத்தவன் நாட்டு விடுதலை கேட்ட பிரபு அல்ல; அந்தப் பிரபுவை ஒடுக்கியவனே. காவியம் தந்த கனவின் மேல் விழுந்த பெரிய அடி இது.

இந்த அடியைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் ஸ்தானிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி. 1900 நவம்பரில் கிராக்கோவுக்கு அருகே உள்ள பிரோனோவித்சே கிராமத்தைச் சேர்ந்த ஒரு குடியானவப் பெண்ணை லூட்சியான் ரிடெல் என்ற கவிஞர் மணந்தார். அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்த விஸ்பியான்ஸ்கி அதையே கவிதை நாடகமாக்கினார். 1901 மார்ச்சில் ‘கல்யாணம்’ மேடையேறியது. படித்தவர்கள் குடியானவரோடு ஆடிப்பாடிக் களிக்கும் இரவில் பேய்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அவற்றுள் ஒன்று, இரத்தக் கறையோடு வரும் ஷேலா. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நாகரிகமாக மறைக்கப்பட்டதைக் கவிஞன் கல்யாணப் பந்தலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். அதே நாடகத்தில் ராகேல் என்ற பெண் வருகிறாள். ஊர் விடுதிக்கார யூதரின் மகள், கவிதை படிப்பவள். விருந்தில் அவளுக்கு இடம் உண்டு. ஆனால் பேய்களை முதலில் அந்த வீட்டுக்குள் அழைக்கத் தூண்டுபவளும் அவள்தான். யான்கியெலுக்கு அடுத்த தலைமுறையில் உறவு எவ்வளவு சிக்கலாகிவிட்டது என்பதை இதிலே காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் நுழையுமுன் யூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கியின் ‘என் மரணசாசனம்’ என்ற கவிதையைச் சொல்லியாக வேண்டும். 1839 வாக்கில் பாரிசில் எழுதியது. வாரிசில்லாத கவிஞன் தனக்குப் பின் வருபவர்களுக்கு விட்டுச்செல்லும் வேண்டுகோள் அது. போலந்துப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த கவிதை. ஒரே போருக்குள் அது இருவேறு கைகளில் என்ன ஆனது என்பதைப் பாருங்கள்.

1943-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் வார்சாவில் ஒரு நூல் இரகசியமாக அச்சாகிறது. அலெக்சாந்தர் கமின்ஸ்கி எழுதியது. சாரணர் இயக்கத்து இளைஞர்கள் ஜெர்மானியரை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட உண்மைக் கதை. அதன் தலைப்பு ஸ்வோவாட்ஸ்கியின் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த இளைஞர்களின் தலைமுறையில் ஒருவர்தான் கவிஞர் கிஷிஸ்தோஃப் கமில் பச்சின்ஸ்கி. 1944 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி 63 நாள் நடந்த வார்சா எழுச்சியின் நான்காம் நாளில், 23 வயதில், சுடப்பட்டு இறந்தார். கர்ப்பிணியான மனைவி பார்பரா அதே எழுச்சியில் காயமுற்று, செப்டம்பர் 1-இல் இறந்தார்.

அதே மரணசாசனத்தை இன்னொருவரும் கையிலெடுத்தார். சுசன்னா கின்சாங்கா 1917-இல் கீவ் நகரில் பிறந்து, ரோவ்னோ என்ற சிறு நகரில் பாட்டியிடம் வளர்ந்த யூதப் பெண். வீட்டில் பேசியது ரஷ்ய மொழி. போலிஷில் எழுதுவது என்று இளம் வயதிலேயே அவராக முடிவு செய்தார். 1936-இல் முதல் தொகுப்பு. வார்சாவின் இலக்கியக் கூடங்களில் கொண்டாடப்பட்டார். ஆனால் போலந்துக் குடியுரிமை அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. போரின்போது லுவோவ் நகரில் ஒளிந்திருந்தார். 1942-இல் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவரைக் காட்டிக்கொடுத்தாள். அப்போது தப்பிய கின்சாங்கா அதன்பின் எழுதிய கவிதை ஸ்வோவாட்ஸ்கியின் சாசனத்தைத் திருப்பிப் போடுகிறது. வாரிசில்லாத கவிஞன் நாட்டுக்கு எழுதிய வேண்டுகோள், இங்கே ஒரு யூதப் பெண் தன் தலையணையையும் மேசை விரிப்பையும் சூறையாடப்போகும் அண்டை வீட்டாருக்கு எழுதும் உயிலாகிறது. அந்தக் கவிதைக்குள் தன்னைக் காட்டிக்கொடுத்தவளின் பெயரை அவர் எழுதிவைத்தார்.

அவர் கிராக்கோவில் மீண்டும் பிடிபட்டார். போர் முடிவதற்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். கவிதை தப்பியது, 1946-இல் அச்சானது. 1948-இல் காட்டிக்கொடுத்த பெண்மீது வழக்கு நடந்தபோது நீதிமன்றத்தில் அந்தக் கவிதை சான்றாவணமாக வைக்கப்பட்டது. அவளுக்கு நான்கு ஆண்டு சிறை. கவிதை வரலாற்றுக்குச் சான்றாகுமா என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? நாடு குடியுரிமை தர மறுத்த ஒருத்தி, அந்த நாட்டின் மிகப் புனிதமான கவிதை வடிவத்தில் தன் வாக்குமூலத்தை எழுதினாள். அந்த நாட்டு நீதிமன்றம் அதைப் படித்துத் தீர்ப்புச் சொன்னது.

மதிலால் சூழப்பட்ட வார்சா யூதர் சேரியில் வ்வாதிஸ்வாவ் ஷ்லெங்கெல் எழுதியவையும் போலிஷ் கவிதைகளே. போருக்கு முன் கேளிக்கை அரங்குகளுக்குப் பாட்டு எழுதியவர். ‘தொலைபேசி’ என்ற கவிதையில், சேரிக்குள் ஒரு தொலைபேசி இன்னும் வேலை செய்கிறது. மதிலுக்கு அப்பால் யாரை அழைப்பது என்று யோசிக்கிறார். அழைக்க ஒருவரும் இல்லை. கடைசியில் மணி சொல்லும் பதிவுக் குரலை அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆவணங்கள் மதிலின் உயரத்தைச் சொல்லும், உணவுப் பங்கீட்டின் அளவைச் சொல்லும். மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு அந்தப் பக்கத்தில் பழகியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இந்தத் தொலைபேசிதான் சொல்கிறது. ஷ்லெங்கெல் 1943-இல் அந்தச் சேரியில் நடந்த எழுச்சியின்போது கொல்லப்பட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அப்போது கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் இருந்தார். 1943 ஏப்ரலில் சேரி எரிந்துகொண்டிருக்கிறது. மதிலை ஒட்டிய கிராசின்ஸ்கி சதுக்கத்தில் ஒரு குடை ராட்டினம் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆடிப் பாடுகிறது. அந்தக் காட்சியை, 1600-இல் ரோமின் காம்போ தெய் ஃபியோரி சதுக்கத்தில் ஜோர்தானோ புரூனோ உயிரோடு எரிக்கப்பட்டபோது சுற்றி நடந்த சந்தை வியாபாரத்தோடு சேர்த்து அவர் கவிதையாக்கினார். நடந்தது கண்முன், எழுதியது உடனே. குற்றம் சாட்டும் அந்தக் கவிதை, பார்த்துக்கொண்டு நின்ற கவிஞரையும் விட்டுவைக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 1944-இல், வார்சா தரைமட்டமான அதே ஆண்டில், போலிஷ்-இந்திய நூலகம் என்ற பதிப்பகம் தொடங்கப்பட்டு, நம் சென்னையிலிருந்து போலிஷ் மொழியில் நூல்களை வெளியிட்டது. தொடங்கியவர்கள் உமாதேவி என்று இங்கே அறியப்பட்ட வாண்டா டைனோவ்ஸ்காவும், வார்சா யூதக் குடும்பத்தில் பிறந்த மாரிஸ் ஃபிரீட்மனும். இருவரும் திருவண்ணாமலையில் ரமணரை நாடி வந்தவர்கள். இந்திய மொழிக் கவிதைகளையும் அவர்கள் போலிஷில் கொண்டுவந்தார்கள். இந்தப் பதிப்பகத்தைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் ஒரு முழு ஆய்வு நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

போருக்குப் பின் வந்த கம்யூனிச ஆட்சி கவிஞர்களைச் சீராட்டியது, அடக்கியது, இரண்டையும் செய்தது. விஸ்வாவா சிம்போர்ஸ்கா இளவயதில் ஸ்டாலினைப் போற்றி எழுதியிருக்கிறார்; 1996-இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் அந்தப் பழைய வரிகள் அவரைத் தொடர்ந்தன. ஆட்சியைப் போற்றிய ஆதாம் வாஷிக்கே 1955 ஆகஸ்டில் ‘பெரியவர்களுக்கான கவிதை’ எழுதி, நோவா ஹூதா தொழில் நகரத்தின் உண்மை வாழ்வைப் போட்டுடைத்தார். அது வெளிவந்த இதழ் விற்றுத் தீர்ந்தது. இதழாசிரியர் பதவி இழந்தார். இதை விரைவாகக் கடந்து 1968-க்குப் போகிறேன்.

மிக்கியேவிச்சின் ‘மூதாதையர் திருநாள்’ நாடகத்தின் மூன்றாம் பகுதி ஜார் ஆட்சியின் சிறைகளைப் பற்றியது, 1832-இல் வெளிவந்தது. 1967 நவம்பரில் காசிமியெஷ் தெய்மெக் அதை வார்சா தேசிய அரங்கில் மேடையேற்றினார். ரஷ்யாவைப் பற்றிய வசனங்கள் வரும்போதெல்லாம் கைதட்டல் எழுந்தது. 135 ஆண்டு பழைய வரிகளைப் புதிய அரசு தன்மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டு நாடகத்தை நிறுத்தியது. 1968 ஜனவரி 30, கடைசிக் காட்சி. அது முடிந்ததும் மாணவர்கள் மிக்கியேவிச்சின் சிலைக்கு ஊர்வலம் போனார்கள். 1898-இல் அந்தச் சிலையைத் திறந்தபோது ஜார் அரசு மேடையில் பேச அனுமதி தரவில்லை, இப்போது தடியடி. மாணவர்கள் இருவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். மார்ச் 8 அன்று பெரும் போராட்டம் வெடித்தது.

ஆட்சி அதற்கு என்ன பதில் சொன்னது? போராட்டத்துக்குப் பின்னால் யூதர்கள் இருக்கிறார்கள் என்றது. வேலை பறிபோயிற்று, பெயர்கள் பத்திரிகைகளில் அடிபட்டன. போர்க்கால யூதப் படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகப் பதின்மூவாயிரம் பேர் அளவில் அடுத்த சில ஆண்டுகளில் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பலர் வார்சாவின் க்டான்ஸ்க் நிலையத்தில் ரயில் ஏறினார்கள். குடியுரிமையைத் துறந்தால்தான் வெளியேற அனுமதி. யூதர் கையில் நாட்டின் வரலாற்றைக் கொடுத்த கவிஞனுடைய நாடகத்தை நிறுத்திய கையோடு யூதர்களை வெளியே அனுப்பினார்கள். இவ்விரண்டு செய்திகளையும் தனித்தனி அதிகாரங்களில் எழுதும் வரலாற்று நூல்களைப் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் அவை ஒரே செய்தி.

மிவோஷ் 1951-இல் நாட்டை நீங்கியவர். அவருடைய நூல்கள் போலந்தில் தடைபட்டிருந்தன. 1980-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் க்டான்ஸ்க் கப்பல் பட்டறை வாயிலில், 1970-இல் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கம் நினைவுச்சின்னம் எழுப்பியபோது அவருடைய வரிகளை அதில் பொறித்தார்கள். எளிய மனிதனுக்குத் தீங்கிழைத்தவர்களை நோக்கி 1950-இல் அவர் எழுதிய கவிதை அது. மக்கள் அதை உடனே தங்கள் கவிதையாக்கிக்கொண்டார்கள். அதில் குற்றவாளி அரசு, தொழிலாளி குற்றமற்றவன். ஏற்பது எளிது.

குடை ராட்டினக் கவிதையை ஏற்க இன்னும் காலம் பிடித்தது. 1987 ஜனவரியில் கிராக்கோவின் கத்தோலிக்க வார இதழில் யான் ப்வோன்ஸ்கி என்ற திறனாய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். மிவோஷ் 1943-இல் எழுதிய கவிதைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நடந்த கொலைக்கு நாம் எந்த அளவில் பொறுப்பு என்று கேட்டார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. 2000-இல் யான் கிரோஸ் என்ற வரலாற்றாசிரியர் போலிஷில் ஒரு நூல் வெளியிட்டார். 1941 ஜூலை 10 அன்று யெட்வாப்னே என்ற சிற்றூரில் யூதர்களை அவர்களுடைய போலந்து அண்டை வீட்டாரே ஒரு கொட்டகைக்குள் அடைத்து எரித்ததை அது விவரித்தது. 1968-க்குப் பின் வெளியேறியவர்களில் கிரோஸும் ஒருவர். மறு ஆண்டு அதே நாளில் அதிபர் க்வாஸ்னியெவ்ஸ்கி அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். 2018-இல் போலந்து தேசத்தின்மேல் இத்தகைய பழி சுமத்துவதைச் சிறைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் வந்தது. சில மாதங்களில் அந்தச் சிறைத் தண்டனைப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது.

கவிதை 1943. திறனாய்வு 1987. வரலாற்று நூல் 2000. மன்னிப்பு 2001. இந்த வரிசையை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆய்வுக்காகப் போலந்தின் பக்கம் திரும்புகிறவர்கள் பான் ததேயுஷின் கடைசிக் காண்டத்தையும் கின்சாங்காவின் அந்த ஒரு கவிதையையும் ஒரே நாளில் படியுங்கள். இரண்டும் போலிஷில் எழுதப்பட்டவை. ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன, தமிழில் முழுமையாகக் கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு.